சொந்த ஃபிரேம்

பேட்டைப் பட்டறையில் ஏழாவது ஃபிரேமிலும் அப்பாவின் ஜாவா பைக் இன்ஜின் உட்காரவில்லை. பெருமாள்ராஜ் அந்த ஃபிரேமையும் ஓரமாகத் தள்ளி வைத்தான்.

"இது யெஸ்டி ஃபிரேம்லா. போல்ட் ஓட்டை ஒரு விரக்கட தள்ளி நிக்கி," என்றார் மெக்கானிக் பிச்சைக்கண்ணு. "இன்ஜினோட சொந்த ஃபிரேம் எங்கவே?"

"அது கிடைக்காது அண்ணாச்சி."

"அப்ப இன்ஜின்ல போல்ட் ஏறுத காதை அறுத்துத்தான் மாட்டணும். அறுத்துட்டா, பொறவு சொந்த ஃபிரேமே வந்தாலும் சேராது, பாத்துக்கிடும்."

டாக்டர் கெடு சொல்லிவிட்டார். அப்பாவோ கண் திறக்கும்போதெல்லாம், "என் வண்டி வாசல்ல வந்து நிக்கட்டும்லே" என்கிறார்.

"அறுத்துருங்க," என்றான் பெருமாள்ராஜ்.

அறுத்து முடித்த நேரத்தில் வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. அவன் தம்பி இசக்கிமுருகன் ஒரு பழைய ஃபிரேமைச் சுமந்து வந்து இறக்கினான். மூன்று வருடமாகப் பேச்சில்லாத அண்ணனை ஏறிட்டும் பார்க்காமல் மெக்கானிக்கிடம் சொன்னான்:

"பாகம் பிரிச்சப்ப அண்ணனுக்கு இன்ஜின், எனக்கு இது. அவன் வந்து ஒரு வார்த்த கேப்பான்னுதான் இத்தன நாளும் பாத்தேன். இதுலயே மாட்டிருங்க அண்ணாச்சி. அப்பா கேக்காவ."

அறுபட்டுத் தரையில் கிடந்த இன்ஜின் காதைப் பிச்சைக்கண்ணு காலால் மெல்ல மறைத்தார்.