ஓசி விவசாயி

"ஓசி விவசாயிங்க! சும்மா உட்கார்ந்திருந்தா கவர்மெண்ட் செக் அனுப்பும். இதுக்கு நான் வேற கையெழுத்துப் போடணுமா?"

கொதிக்கும் எண்ணெயில் பூரியைப் போட்டுக்கொண்டே சீறினார் ஜெயபிரகாஷ். வீட்டுக்குள் எண்ணெய் வாடை ஏறக் கூடாது என்பதால், டெக்சாஸின் கேட்டி நகரில் உள்ள அவர் வீட்டில் பொரிப்பதெல்லாம் பேக்யார்டில்தான்.

எதிரே ஒரு தாளை நீட்டியபடி நின்றார் குடும்ப நண்பர் புஷ்பவல்லி.

"சும்மா உட்காரலை ஜேபி. மூணு வருஷமா மழை இல்லாம வால்டரோட கோதுமை கருகிப்போச்சு. அவர் இருக்கற கவுண்டியை, அந்த மாவட்டத்தையே, வறட்சிப் பகுதின்னு அறிவிச்சாதான் மானியம் வரும். இல்லைன்னா நிலத்தை வித்துட வேண்டியதுதான். என்னோட வேலை பார்க்கற நர்ஸோட அப்பா அவர். நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்தேன்."

"அதுக்கு நான் ஏன்?"

"அங்க நிலம் வெச்சிருக்கறவங்க கையெழுத்துதான் செல்லும். உங்க பத்து ஏக்கர் அவர் வேலிக்கு அடுத்தாப்லதானே இருக்கு? திங்கட்கிழமை மீட்டிங். இன்னும் நாலஞ்சு கையெழுத்து குறையுது."

ஜெயபிரகாஷ் பூரியைத் திருப்பினார். அது உப்பியது, அவரும் உப்பினார்.

"கிரீன் கார்டுக்குப் பதிமூணு வருஷம் க்யூல நின்னேன். ஒரு பைசா டாக்ஸ் ஏமாத்தினதில்லை. என்னை லே-ஆஃப் பண்ணினப்போ எவனாவது நஷ்டஈடு குடுத்தானா? பயிர் காஞ்சா இவங்களுக்கு மட்டும் ஏன் குடுக்கணும்? முடியலைன்னா வித்துட்டுப் போகட்டும்!"

"இந்தப் பூரிக்குக் கோதுமை எங்கேர்ந்து வருது?"

"காசு குடுத்து வாங்கினேன் புஷ்பா. ஓசியில இல்லை."

புஷ்பவல்லி தன்னைப் பிச்சைக்கு வந்தவளைப் போல நிற்க வைத்த அந்த முகத்தை ஒரு கணம் பார்த்தார். தாளை நான்காக மடித்தார்.

அதற்குள் மகள் கயல் ஃபோனோடு ஓடி வந்தாள்.

"டாட், சுப்பையன் அங்கிள்! ஹி சேஸ் இட்ஸ் அர்ஜன்ட்."

சுப்பையன் அந்தப் பத்து ஏக்கரைப் பார்த்துக்கொள்பவர்.

"கையெல்லாம் மாவு. ஸ்பீக்கர்ல போடு."

"ஜேபி சார், செவ்வாய்க்கிழமை கவுண்டி ஆபீஸ்லேர்ந்து நிலத்தைப் பார்க்க வர்றாங்களாம்! எட்டுத் தேன்பெட்டியிலயும் ஒரு தேனீ கிடையாது. எல்லாம் போன கோடையிலயே செத்துப்போச்சு."

"கயல், ஸ்பீக்கரை ஆஃப் பண்ணு!"

கயல் ஆஃப் பண்ணுவதற்குள் சுப்பையன் மிச்சத்தையும் கொட்டிவிட்டார்.

"நான் அப்பவே சொன்னேன் சார். தேனீ வளர்க்கற விவசாயின்னு எழுதிக் குடுத்துட்டு, வருஷா வருஷம் வரிச் சலுகை வாங்கறோம். காலிப் பெட்டியைப் பார்த்தா விடுவாங்களா? வேணும்னா ரெண்டு நாளைக்கு வாடகைத் தேனீ கொண்டுவந்து விடட்டுமா?"

எண்ணெயில் பூரி கருகியது. எடுக்க ஆளில்லை.

புஷ்பவல்லி மடித்த தாளை நிதானமாகப் பிரித்தார். பேனாவின் மூடியைக் கழற்றி, மாவு ஒட்டிய அந்தக் கையில் வைத்தார்.

"போடுங்க, விவசாயி. வால்டராவது விதைச்சுட்டுக் கேக்கறார்."