நூற்று எழுபது டிகிரி

அன்று, கை எழும் அளவைப் பார்க்கும் கோணமானி காட்டியது நூற்று அறுபத்தைந்தா, நூற்று எழுபதா என்று கேட்டால், அந்தப் பிசியோதெரபிக்காரியால் இப்போது சத்தியம் செய்து சொல்ல முடியாது. எல்லோரும் கைதட்டியது மட்டும் நினைவிருக்கிறது. முதலில் தட்டியவள் அவள்தான்.

மூன்றாம் கட்டில்காரர் ஒரு கொத்தனார். வலது அக்குளும் விலாவும் கொதிநீரில் வெந்து, தொடைத் தோலை எடுத்து ஒட்டி, ஆறாத காயங்களுக்கென்றே, ஆண் பெண் இருவருக்கும் பொதுவாக இருந்த அந்த வார்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். கை விலாவோடு இறுகிப்போய் இருபது டிகிரிக்கு மேல் எழவில்லை.

"நீங்க இழுக்குற இழுப்பைப் பாத்தா, என்னைக் கோணச் சுவருன்னு நெனச்சு இடிச்சுக் கட்டுற மாதிரி இருக்கே!" என்பார். வலியில் கண் கலங்கியிருக்கும். ஆனாலும் வார்டே சிரிக்கும்.

அவர் மனைவி தினமும் நாலு மணிக்கு, பார்வையாளர் நேரம் தொடங்கும்போதே வந்துவிடுவாள். பையைக் கீழே வைக்குமுன்பே கேட்பாள்.

"இன்னைக்குக் கை எவ்வளவு மேல வருது டாக்டரம்மா?"

"நான் டாக்டர் இல்லக்கா. நாப்பது டிகிரி. போன வாரத்துக்கு எவ்வளவோ தேவலை."

அவள் தலையை ஆட்டிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இப்படி ஒருத்தி வாய்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று தெரபிக்காரி நினைத்துக்கொள்வாள். தெரபிக்காரியைக் கட்டியவன் விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"அடுப்புல இருந்த வெந்நீர் சரிஞ்சுதாம்" என்றாள் ஒருநாள், காயத்தின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்த சிஸ்டர். "கையை ஓங்கித் தூக்கியிருந்தாத்தானே அக்குள் இப்படி வேகும்?"

"மேல இருந்து எதையாவது எடுத்திருப்பாரு. காயம் வந்த கதையெல்லாம் நம்ம பயிற்சித் தாள்ல இல்லையே சிஸ்டர். ஆறினா சரி."

ஒட்டிய தோல் சும்மா இருக்காது. விட்டால் சுருங்கும். அதனால் பயிற்சி முடிந்ததும் தெரபிக்காரி அவர் கையை விரித்து, விலாவுக்கும் கைக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தாங்கியை வைத்து, நான்கு பட்டைகளால் இறுக்கிக் கட்டிவிடுவாள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு கொத்தனார் உறங்கிவிடுவார்.

ஆறு மணிக்கு வந்து பார்த்தால் பட்டைகள் அவிழ்ந்திருக்கும். ஒருநாள் இல்லை, தொடர்ந்து மூன்று நாள். நாற்பத்தைந்து டிகிரி மறுபடி முப்பதுக்கு இறங்கியது.

"ரெண்டு வாரத்துல முன்னேற்றம் காட்டலேன்னா இந்தக் கட்டிலை அடுத்தவங்களுக்குக் குடுக்கணும்" என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். நாலாம் நாள் தெரபிக்காரி ஐந்து மணிக்கே வந்தாள். மனைவி மூன்றாவது பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

மனைவியின் விரல் அப்படியே நின்றது.

"அவருக்கு வலிக்குதேன்னு பாவம் பாக்குறீங்க. எனக்குப் புரியுது. ஆனா பாசம் கண்ணை மறைக்கக் கூடாதுக்கா. இறுகிப் போச்சுன்னா போனதுதான்."

"இறுகிப் போச்சுன்னா கை எதுக்குமே உதவாதா?"

"சோத்தைப் பிசைஞ்சு வாய்ல வைக்கலாம். தலைக்கு மேல தூக்க முடியாது."

மனைவி திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் கொத்தனார் லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"சாப்பிடக் கை வந்தா போதும்மா" என்றாள்.

"உங்களுக்குப் போதும். எனக்குப் போதாது. அது கொத்தனார் கை, அக்கா!"

அன்றிலிருந்து ஒவ்வொரு பட்டையின் மேலும் பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் பேனாவால் தன் கையெழுத்தைப் போட்டாள் தெரபிக்காரி. மனைவி அதற்குப் பிறகு கட்டிலைத் தொடவில்லை. கேட்பது மட்டும் நிற்கவில்லை. அறுபது, தொண்ணூறு, நூற்று இருபது என்று பதில் ஏறிக்கொண்டே போனது.

ஏழாவது வாரம் கொத்தனார் வார்டின் நடுவே நின்று வலது கையைத் தலைக்கு மேல் ஓங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ படம் எடுத்தார்கள். மனைவி மட்டும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டாள். கைக்கு இடம் விடுகிறாள் என்று நினைத்தாள் தெரபிக்காரி.

"கை வந்துருச்சு" என்று சிரித்தார் கொத்தனார். "இனி விட்ட வேலையை முடிச்சுடலாம்."

கொத்தனார் அந்த வெள்ளிக்கிழமையே வீட்டுக்குப் போனார். சிஸ்டர் பதவி உயர்வு பெற்று வேறு வார்டுக்குப் போனாள். கொத்தனார் கை ஓங்கி நிற்கும் படம், இந்த வார்டின் சாதனையாக வாசலில் மாட்டப்பட்டது. தெரபிக்காரி இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

நான்கு மாதம் கழித்து மனைவியும் அங்கே வந்தாள், நோயாளியாக. மண்டையில் தையல் போட்ட இடம் பிரிந்து சீழ் வைத்திருந்தது. இடது தோள் இறங்கிக் கிடந்தது. கொடுத்தது அதே மூன்றாம் கட்டில்.

தெரபிக்காரி தாளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். காயம் வந்த கதைக்கு அதில் இடம் இல்லை. இருந்தும் இந்தத் தடவை கேட்டாள்.

"எப்படிக்கா ஆச்சு?"

மனைவி வாசலில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு கை இப்ப முழுசா மேல வருதும்மா."