முதல் மீன் வரை

"ஒரு மீன் கடிச்சதும் கரைக்குத் திரும்பிடணும், அங்கிள்."

வீட்டில் முகம் கொடுத்துப் பேசாதவள், அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் படகில் ஏறியிருந்தாள்.

"சரிம்மா" என்றார் அம்மாவின் புதுக் கணவர். இரண்டு தூண்டில்களையும் தாமே தயார் செய்து நடுக்கடலில் போட்டார். இன்று அவள் பேசிவிடுவாள் என்று அவருக்கு அசையாத நம்பிக்கை.

மதியம் வரை ஒரு மீனும் சீண்டவில்லை.

"உங்க மூஞ்சியைப் பார்த்துதான் எல்லாம் ஓடிருச்சு!"

"இல்ல, உன் வாய்க்குப் பயந்து!"

சிரித்துவிட்டாள். அப்புறம் பள்ளிக்கூடம், தோழியோடு போட்ட சண்டை என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

மாலையில் கரை இறங்கும்போது, "மீனுங்களுக்கு இன்னிக்குப் பசியில்ல போல" என்று அவர் சமாளித்தார்.

அவள் அவர் காதருகே வந்தாள்.

"அடுத்த ஞாயிறும் இதே மாதிரி முள்ளுல இரை மாட்டாமலே போடுங்க. அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்."