இரண்டு அடுப்பு வீடு

ஒன்பதரைக்குள் இரண்டாவது அடுப்பு எரிந்தாக வேண்டும்.

அவள் தீக்குச்சியைக் கிழித்தாள். முதல் குச்சி நமத்திருந்தது. அடுத்ததில் பற்றிக்கொண்டது.

ஒற்றை பர்னர். பழசு. விரல் கனத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு. இட்லிக் கடையில் கெஞ்சிக் கூத்தாடி இரவல் வாங்கியது. புது அடுப்பு என்றால் மாட்டிக்கொள்வார்கள். மூன்றாவது சந்தில் ஒருத்தி பளபளவென்று ஒன்றை வாங்கி வைத்திருந்தாள். கணக்கெடுக்க வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

தலையை எண்ணுவதில்லை. அடுப்பைத்தான் எண்ணுகிறார்கள்.

ஓர் அடுப்பு, ஒரு குடும்பம். ஒரு குடும்பம், ஒரு வீடு.

இங்கே இடித்துவிட்டுக் கொடுக்கப்போகும் அந்த வீடும் இங்கே இல்லை. முப்பது கிலோமீட்டர் தள்ளி, ஏழாவது மாடியில், ஒற்றை அறை.

கால்வாய்க் கரையில் மெட்ரோ தூண்கள் எழும்பி இரண்டு வருடம் ஆகிறது. ரயில் இன்னும் ஆள் ஏற்றவில்லை. காலிப் பெட்டிகள்தான் தலைக்கு மேல் போய்ப் போய் வருகின்றன. அதற்குள் எதிர்க்கரையில் பதினாலு மாடிக்கு விளம்பரப் பலகை வந்துவிட்டது.

இந்தக் கரையில் கதவுகளுக்கு நம்பர் வந்துவிட்டது.

வீட்டில் நான்கு பேர். அவள். மகன் டில்லி. மருமகள் மோனிஷா. ஆறு வயதுப் பேத்தி. ஒற்றை அறைக்குள் நாலு பேரும் எங்கே கால் நீட்டுவது? இரண்டு வீடாக வாங்கிவிட்டால், பக்கத்துப் பக்கத்தில் கேட்டுக்கொள்ளலாம். நடுவில் ஒரு சுவர்தான். கூப்பிட்டால் கேட்கும்.

யோசனை அவளுடையது.

கல்யாணமான புதிதில் தனி அடுப்பு பற்றி மோனிஷா ஒரே ஒருமுறை வாய் திறந்தாள். மாமியாரான அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அதோடு சரி.

நேற்று ஒத்திகையும் பார்த்தாயிற்று.

"ஏன் தனியா பொங்கறீங்கன்னு கேப்பாங்க. காரம் ஒத்துக்கலன்னு சொல்லு. வேற எதுவும் வாயை விடாத."

"சரி அத்தை."

வாசலில் நிழல் விழுந்தது.

கணக்கெடுக்க வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை. கையில் டேப்லெட். படியில் நின்றபடியே பார்வையால் அறையை அளந்தாள். இரண்டு அடுப்பு. இரண்டு பானை. இரண்டு உப்பு டப்பா. குனிந்து பானையின் அடியைத் தடவினாள். விரலில் கரி.

"எத்தனை நாளா தனித்தனியா?"

"ஒரு வருஷமாச்சு மேடம்," என்று மாமியார் முந்திக்கொண்டாள்.

"உங்களைக் கேக்கலம்மா. அவங்க சொல்லட்டும். இந்தத் தெருவுல எல்லா வீட்லயும் போன வருஷம்தான் சண்டை வந்திருக்கு. இங்க என்ன சண்டை?"

மோனிஷா ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்தாள்.

மாமியார் மனசுக்குள் எடுத்துக்கொடுத்தாள். காரம். காரம்.

"கரண்டி மேடம்," என்றாள் மோனிஷா.

"என்னது?"

"ஏழு வருஷமா கரண்டி அவங்க கையிலதான். ஆக்கறது நான். போடறது அவங்க. அவருக்கு, பாப்பாவுக்கு, அவங்களுக்கு. கடைசில எனக்கு. இன்னும் வேணுமான்னு ஒருநாள் கேட்டதில்ல. பாப்பா வயித்துல இருக்கும்போதும் கேட்டதில்ல."

குரல் ஏறவில்லை. கண் கலங்கவில்லை. ரேஷன் கடையில் கார்டு நம்பர் சொல்வதைப் போலச் சொன்னாள்.

"பக்கத்து வீட்டுல பழையது வாங்கித் துன்னிருக்கேன். இவங்களுக்குத் தெரியாது."

மேலே ஒரு காலி ரயில் போனது. தட்டுகள் அதிர்ந்தன.

மருமகளாக வந்த நாளில் அவளுக்கும் அப்படித்தான் போட்டார்கள். அவளையும் யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றியதில்லை.

"போதும்மா," என்றாள் வந்தவள். டேப்லெட்டில் எதையோ தட்டினாள். இருவரிடமும் தனித்தனியே கைரேகை வாங்கினாள். கதவில் இருந்த 212க்குக் கீழே இன்னொரு ஸ்டிக்கரை ஒட்டினாள். 212ஏ.

இரண்டு குடும்பம்.

ஜெயித்தாயிற்று.

பக்கத்துப் பக்கத்து வீடாகக் கொடுங்கள் மேடம். அதையும் கேட்கத்தான் வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. இவ்வளவையும் சொல்லக் கேட்ட பிறகு, எந்த முகத்தோடு கேட்பது?

செருப்புச் சத்தம் அடுத்த வாசலுக்கு நகர்ந்தது.

பலே நடிப்புடி என்று சிரித்துவிடலாம் என்றிருந்தது. மருமகளின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"இட்லிக் கடைக்காரரு அடுப்பைக் கேப்பாரு," என்றாள். "அணைச்சிடு. குடுத்துட்டு வந்துடறேன்."

மோனிஷா அணைக்கவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை வடித்துவிட்டு, ஒற்றை பர்னரில் இருந்த பானையில் கொட்டினாள்.

முப்பது வருடம் அரிசி அளந்த கண். எட்ட நின்றே தெரிந்துவிட்டது.

மூன்று பேருக்கான அரிசி.

"இருக்கட்டும் அத்தை," என்றாள் மோனிஷா. பானையை மூடினாள்.

அவள் தன் அடுப்பின் பக்கம் திரும்பினாள். கண்துடைப்புக்கு ஏற்றி வைத்த உலை, நிஜமாகவே கொதித்துக்கொண்டிருந்தது.

அரிசி டின்னைத் திறந்தாள். ஆழாக்கை நிரப்பினாள். பாதியைத் திரும்பக் கொட்டினாள். மிச்சத்தைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கொட்டினாள்.

போதுமா, மிஞ்சுமா?

ஆழாக்கைக் கையில் பிடித்தபடி நின்றாள்.