தொடாத பிஸ்கட்

இந்த நியூசிலாந்துப் பள்ளியில் தினமும் மாவோரிப் பிள்ளைகளின் மொழியில் வணக்கம் சொல்லித்தான் வகுப்பைத் தொடங்குகிறேன். அந்தத் தெம்பில் ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தேன்.

"உங்க வழக்கத்தை மதிச்சுத்தான் பாடம் நடத்துறேனா? பேர் போடாம எழுதுங்க."

என் மேசையில் ஒரு தட்டு பிஸ்கட்டும் வைத்து, வழக்கம்போல் மேசை மேலேயே ஏறி உட்கார்ந்தேன். யாரும் தொடவில்லை.

"என்ன மேரேயானா, விரதமா?"

"பசியில்ல சார்."

"ஹேமி, நீயுமா?"

"வயிறு சரியில்ல சார்."

மணியடித்ததும் இருவரும் வெளியே போய் ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். எனக்குச் சுருக்கென்றது.

சீட்டுகளைப் பிரித்தேன். எல்லாவற்றிலும், "நல்லா நடத்துறீங்க சார்."

கடைசிச் சீட்டில் மட்டும் கூடுதலாக எழுதியிருந்தது.

"சாப்பாடு வைக்கிற மேசை மேல நாங்க உட்கார மாட்டோம். நீங்க நல்லவரு, அதான் இத்தனை நாளா யாரும் சொல்லல."

பிஸ்கட் தட்டு என் தொடையை ஒட்டியே இருந்தது. மேசையைவிட்டு மெல்ல இறங்கினேன்.