பழைய ஸ்டென்ட்

ஓய்வுபெற்ற தபால்காரர் சம்மதப் படிவத்தை மூன்றாவது முறையாகத் தள்ளிவிட்டதும், டாக்டரம்மாவின் பொறுமை போயே போய்விட்டது. நெஞ்சு வலியோடு வந்து படுத்த பிறகும் மனிதருக்கு வீம்பு மட்டும் குறையவில்லையே!

“ஐயா, போன வருஷம் வெச்ச ஸ்டென்ட்ல கம்பி தடிமன். அதைச் சுத்திச் சதை வளர்ந்து ரத்தக்குழாய் மறுபடி சுருங்கிடுச்சு. இப்ப மெல்லிசான கம்பியில வருது. திரும்ப அடைக்கிறது குறைவு.”

“பழசே போதும்மா.”

“உசிரு போயிடும்யா!”

“போகட்டும்.”

ஓட்டை சைக்கிளைக்கூட யாரும் இப்படிக் கட்டிக்கொண்டு அழமாட்டார்கள். டாக்டரம்மா துணைக்கு, பக்கத்தில் நின்ற தபால்காரரின் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாளோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புதுசு வெச்சா, பழசைக் கழட்டிக் குப்பையில போட்டுடுவீங்கல்ல?” என்றார் தபால்காரர் மெதுவாக.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கழட்டவே முடியாதுய்யா! அது சதையோட சதையா ஒட்டிப்போச்சு. புதுசு அதுக்குள்ளதான் போகும். நீங்க இருக்கிற வரைக்கும் அதுவும் இருக்கும்.”

அவ்வளவுதான். பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

“இதை முதல்லயே கேட்டிருக்கலாமே! அந்தக் கம்பி மேல அப்படி என்ன பாசம்?”

இப்போதுதான் மனைவி திரும்பினாள்.

“ஸ்டென்ட் கம்பெனியில வேலை பார்த்த எங்க பொண்ணு வரைஞ்ச டிசைன்மா அது. ‘அடுத்ததுல இன்னும் மெல்லிசாக்கிடுறேன்பா’ன்னு சொல்லிட்டு ஆபீஸ் கிளம்பினா. வழியிலயே லாரி மோதிடுச்சு. அவ சாமான் எதையும் பார்க்கத் தாங்காம, நான்தான் எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்டேன். இவருக்கு மிச்சம் அது ஒண்ணுதான்.”