கனத்த காற்சட்டை

தொங்கு தராசிலிருந்து பிள்ளையை இறக்கும்போது அவன் காற்சட்டைப் பையிலிருந்து 'டங்'கென்று ஏதோ விழுந்தது.

உழவு மெசினின் இரும்பு நட்டு.

மிட்வைஃப் வாகினி பைக்குள் கையை விட்டாள். உள்ளே இன்னும் சில நட்டுகள் கிடந்தன.

"என்ன இது றிப்கா? இரும்பை வைச்சு மகன்ர எடையைக் கூட்டப் பாத்தனீங்களோ?"

றிப்கா குனிந்து, விழுந்த நட்டைப் பொறுக்கினாள்.

பாத்திகளில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் கொட்டகைக்கு ஓடி வந்தார்கள். நாலந்தாப் பக்கம் குளமெல்லாம் வற்றிக் கிடக்க, மெலிந்த பிள்ளைகளுக்காக ஒரே கிணற்றை நம்பி ஊர்ப் பெண்கள் போட்ட பொதுத் தோட்டம் அது. கீரையும் பயறும் எல்லாருக்கும் உண்டு. கோழிகள்தான் கொஞ்சம். ஒரு பிள்ளை தேறிவிட்டால் அதன் பங்கு முட்டை அடுத்த பிள்ளைக்குப் போகும்.

வாகினி அவனைத் திரும்ப நிறுத்துப் பார்த்தாள். "இவன் இன்னும் தேறேல்லை."

தோட்டத் தலைவி றஸ்மியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"மெலிஞ்ச புள்ளைன்னு சொல்லிருவாங்கன்னு வெக்கமா? ஒன் கௌரவத்துக்கு அவன் காயணுமா?"

றிப்கா புருஷனின் தங்கச்சி ஜஸ்லா, ஈர்க்குச்சிக் கையோடு இடுப்பில் இருந்த மகளை மறுபக்கம் மாற்றிக்கொண்டு, கிணற்றைப் பார்த்துச் சொன்னாள்.

"சில பேருக்கு ஊர் வாய்தான் பெருசு. புள்ள வயிறு அப்புறம்."

யாரோ சிரித்தார்கள்.

"கள்ள எடை காட்டினா முட்டை இல்ல," என்றாள் றஸ்மியா. "அடுத்தது ஜஸ்லாட மகள். இனி அவளுக்குத்தான்."

"சரி றாத்தா," என்றாள் றிப்கா உடனே.

கூட்டம் கலைந்தது. ஜஸ்லா கோழிக்கூட்டுப் பக்கம் நடந்தாள். வாகினிக்கு மனசு கேட்கவில்லை. றிப்காவைத் தனியே கூப்பிட்டாள்.

"நான் றஸ்மியாவோட கதைக்கிறன். தாய் செய்த பிழைக்குப் பிள்ளையின்ர முட்டையை நிப்பாட்டேலாது."

றிப்கா சட்டென்று அவள் கையைப் பிடித்தாள்.

"வேணாம் மிஸ். எங்க ஊட்டுக் கோழியும் இப்ப முட்டை போடுது, இவனுக்கு அது போதும். வேலிச் சண்டைக்குப் பொறகு ஜஸ்லா எங்கக்கிட்ட ஒரு மடக்குத் தண்ணிகூட வாங்கினதில்ல. நானா விட்டுக் குடுத்தேன்னு தெரிஞ்சா, அவ புள்ளைக்கு அந்த முட்டையையும் குடுக்கமாட்டா."